பன்னிரண்டு வினாடி

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றான் கோல்ட்டன் ஹெஸ்.

"ஏன், பொய்யா எழுதியிருக்கேனா?" என்றாள் வக்கீல் ரோண்டா ஸ்பைவி.

"இல்ல மேடம், உண்மையா எழுதியிருக்கீங்க. அதான் பிரச்சினை."

பத்திரத்தில் இருந்தது ஒரே வாக்கியம். பெல்நாப் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் முப்பத்து நான்காம் எண் சட்டை அணிந்த நான், ஐந்து வருடத்தில் எந்த ஆட்டத்திலும் ஒரு வினாடிகூடக் களத்தில் இறங்கியதில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஒருவன் கல்லூரி அணியில் ஆடக் கூடாது என்பது விளையாட்டுச் சங்கத்தின் விதி. அந்த வருடம் நாடு முழுக்கக் கல்லூரி வீரர்கள் களத்தில் ஆடியதைவிடக் கோர்ட்டில் ஆடியதுதான் அதிகம். ஒருவன் முழங்கால் போய்விட்டது என்றான். இன்னொருவன் தொற்றுநோயில் ஒரு வருடம் போய்விட்டது என்றான். இருபத்தெட்டு வயதில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவன், எனக்கு இன்னும் ஆசை போகவில்லை என்று மட்டும் சொல்லி ஜெயித்தும் விட்டான். இவர்களோடு பார்த்தால் கோல்ட்டனின் வழக்கு பச்சைக் குழந்தை. ஒரு வினாடிகூட ஆடாதவன் கேட்டால் ஆறாவது வருடம் தரலாம் என்று விதிப் புத்தகத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. கேட்டான். சங்கம் மறுத்துவிட்டது. அவன் ஆடியிருக்கிறானாம்.

மூன்றாம் வருடம் பிப்ரவரியில் நடந்த ஆட்டம் ஒன்றின் குறிப்புத் தாளில், முப்பத்து நான்காம் எண்ணுக்கு நேராகப் பன்னிரண்டு வினாடி என்று பதிவாகியிருந்தது. குறிப்பெழுதியவர் யாரோ இறங்கியதை யாருக்கோ எழுதிவிட்டார். அன்றைய வீடியோவைப் பார்க்கலாம் என்றால், இரண்டாம் பாதிக்கு முன்பே கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது.

அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தபோது கோல்ட்டனுக்குக் கோபம் வரவில்லை. மூன்று முறை படித்தான். ஐந்து வருடமாக அவன் ஏங்கிய ஏக்கம் அங்கே அச்சாகியிருந்தது, நடக்காமல் போனது ஒன்றுதான் குறை.

"சரி, உண்மைதானே? போடு கையெழுத்தை" என்றாள் ரோண்டா. எல்லைத் தகராறும் நாய்க்கடி வழக்கும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள் அவள். கூடைப்பந்து வழக்கு என்றதும் சும்மாவே வாதாடுகிறேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

கோல்ட்டன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

அப்பா வெர்ன் ஹெஸ், குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் காஸை வீடு வீடாகப் போய் நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் அப்பனும் மகனும் தவிர வேறு யாரும் இல்லை. கல்லூரி மூன்று மணி நேரத் தொலைவு. ஆட்டமோ சனிக்கிழமை. "சனிக்கிழமை எனக்கு லைன் இருக்குடா. காஸ் போகலன்னா ஊரே விறைச்சுப் போயிடும்" என்று முதல் வருடமே சொல்லிவிட்டார். முதல் ஆட்டத்தன்று சாயங்காலம் போனில், "ஆடினியாடா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆவலைப் பார்த்து, "கொஞ்சம்" என்றான் மகன். ஒரு வார்த்தைதான். அடுத்த வாரம் கொஞ்சத்திலிருந்து இறங்க முடியவில்லை. மூன்றாம் வருடத்தில் சராசரியாக எட்டு நிமிடம் ஆடிக்கொண்டிருந்தான். நான்காம் வருடத்தில் அவனுக்கு இடது கையாலும் பந்து போட வந்துவிட்டது.

அப்பா இதையெல்லாம் ஊரில் கொண்டுபோய்க் கொட்டினார். ஆல்டர்வில் கடைத்தெருவில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் கோல்ட்டன் ஆம்லெட் என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். முட்டையும் வெங்காயமும்தான், ஆனால் நன்றாக விற்றது.

ரோண்டா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். "ஒண்ணு செய்யலாம். 'ஒரு செகண்டுகூட ஆடல'ன்னு எழுத வேண்டாம். 'போதிய அளவு ஆட வாய்ப்பு கிடைக்கல'ன்னு எழுதிடறேன். உங்கப்பா படிச்சாலும் தப்பாத் தெரியாது."

"சங்கத்துக்காரங்க?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் புரியாது தம்பி. சட்டம்தான் புரியும்."

இப்படித்தான் முதல் ஓட்டை விழுந்தது.

வியாழக்கிழமை வாரப் பத்திரிகையில் கோர்ட்டுச் செய்திகள் வந்தன. வெர்ன் படித்தார். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். "எம்மவன் ஆறாவது வருஷமும் ஆடப் போறான். கேஸ் போட்டிருக்கான்" என்று அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கோல்ட்டன் ரோண்டாவிடம் ஓடினான். ரோண்டா விசாரணையைச் செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றிவிட்டாள். செவ்வாய் காலையில் வெர்ன் மாவட்டத்தின் மறுகோடியில் காஸ் ஊற்றிக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் முதல் வரிசையில் வெர்ன் உட்கார்ந்திருந்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக லீவு போட்டிருந்தார். துவைத்த சட்டை, சவரம் செய்த முகம், பின்னால் ஆம்லெட் சாப்பிடுகிற கூட்டம் மொத்தமும்.

"உங்களுக்கு லைன் இல்லையாப்பா?" என்றான் கோல்ட்டன்.

"ஒரு நாள் விறைச்சா ஒண்ணும் ஆயிடாது" என்றார் வெர்ன்.

நீதிபதி கின்கேட் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மனுவைப் படித்தார். சங்கத்து வக்கீல் எழுந்தார். தலைநகரத்திலிருந்து வந்தவர். அவர் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

"போதிய அளவு ஆடலன்னு மனுதாரரே எழுதியிருக்கார். அப்படின்னா கொஞ்சமாவது ஆடியிருக்கார்னுதானே அர்த்தம்? பன்னெண்டு செகண்டு, கரெக்டா இருக்கு. வேற என்ன பேச இருக்கு?"

ரோண்டா கோல்ட்டனைப் பார்த்தாள். கோல்ட்டன் மேஜையைப் பார்த்தான்.

"ஆடவே இல்லன்னு நிரூபிக்கறோம்" என்று முணுமுணுத்தாள் ரோண்டா, முதல் வரிசைக்குக் கேட்காதபடி. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. சத்தமாகச் சொன்னாள். ஆம்லெட் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெர்ன் மட்டும் அசையவில்லை.

முதல் சாட்சி கோச் டிராஸ்க். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. ஆனால் அவர் கூண்டில் ஏறும்போதே, முதல் வரிசையில் சவரம் செய்த முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், வேறென்ன சொல்ல.

"இந்தப் பையன் உங்க ஆட்டத்துல இறங்கியிருக்கானா?" என்று கேட்டாள் ரோண்டா.

"கோடியா? கோடி இல்லாம எங்க டீமே இல்லைங்க."

"கோல்ட்டன்" என்று பெயரைத் திருத்தினாள் ரோண்டா.

"அதான், கோல்ட்டன். நாங்க ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டத்துலயும் இவன் பங்கு இருக்கு. தகப்பனார் பெருமைப்படணும்."

"பங்குன்னா? களத்துல இறங்கினானா?"

கோச் மறுபடி முதல் வரிசையைப் பார்த்தார். "இறங்கியிருக்கலாம். பதினாலு பேரு, ஒவ்வொருத்தனையும் எங்க ஞாபகம் வெச்சுக்கறது?"

சங்கத்து வக்கீல் குறுக்கு விசாரணையே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்த சாட்சி ஓபல். கல்லூரி அரங்கில் இருபது வருடமாகப் பாப்கார்ன் விற்கிறவள். அரங்கில் நடந்த ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதால் ரோண்டா அவளை மூன்று மணி நேரம் காரில் கூட்டி வந்திருந்தாள்.

"அந்த பிப்ரவரி ஆட்டத்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"இல்லாம எங்க போவேன்?"

"முப்பத்தி நாலாம் நம்பர் இறங்கினதைப் பாத்தீங்களா?"

"ஆட்டத்தை நான் எங்கம்மா பாத்தேன்? என் வண்டி நிக்கறது படிக்கட்டோரம். களத்துக்கு முதுகு காட்டித்தான் நிக்கணும். எவன் ஜெயிச்சான்னே மறுநாள் பேப்பரைப் பாத்துதான் தெரிஞ்சுக்குவேன்."

"இதைக் கார்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க? வழி பூரா உங்க நாய்க்கடி கேஸைத்தானே சொல்லிக்கிட்டு வந்தீங்க."

கோர்ட்டு சிரித்தது. இறங்கும்போது ஓபல் முதல் வரிசைப் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உங்க முறை முடிஞ்சுதம்மா, போய் உக்காருங்க" என்றார் நீதிபதி.

சங்கத்து வக்கீல் இப்போது ஒரு பத்திரிகைத் துண்டை உயர்த்திக் காட்டினார். ஆல்டர்வில் வாரப் பத்திரிகை. எங்கள் ஊர்ப் பையன் பெல்நாப் அணியில் வெளுத்து வாங்குகிறான், தகவல் தந்தவர் தந்தை வெர்ன் ஹெஸ்.

"ஊர் பூரா ஆடினேன்னு சொல்லியிருக்கார். இங்க வந்து ஆடலங்கறார். ஒண்ணு, ஊரை ஏமாத்தியிருக்கணும். இல்ல, கோர்ட்டை ஏமாத்தறார். எப்படிப் பாத்தாலும் இவர் ஒரு பொய்யர்."

"பொய்யன் இல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

வெர்ன் எழுந்து நின்றிருந்தார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். "எம்மவன் பொய்யன் இல்ல. ஆடினேன்னு சொன்னா ஆடியிருப்பான். அந்த பிப்ரவரி ஆட்டத்துல மூலையில இருந்து ஒண்ணு போட்டான். ரெண்டு பாயிண்டு. அன்னிக்கே எனக்கு போன் பண்ணிச் சொன்னான்."

"அப்பா, உக்காருங்க" என்றான் கோல்ட்டன்.

"நீ சும்மா இருடா. ஒருத்தன் உன்னைப் பொய்யன்னு சொல்லுவான், நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

சங்கத்து வக்கீலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மனுதாரரோட சொந்தத் தகப்பனாரே சொல்றார். இதைப் பதிவு பண்ணிக்கணும்" என்றார். பின் வரிசையில் ஓபல் கையைத் தூக்கினாள். நீதிபதி கையைக் கீழே போடச் சொன்னார். ரோண்டா தலையில் கை வைத்துக்கொண்டு, நாய்க்கடி வழக்குகளின் அருமையை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோல்ட்டனுக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால் அப்பாவின் மகன் ஆட்டக்காரனாகவே இருப்பான், ஆம்லெட்டும் இருக்கும், அந்தப் பன்னிரண்டு வினாடியும் அவனுக்கே கிடைக்கும். ஆனால் ஆறாவது வருடம் போய்விடும். வாயைத் திறந்தால் அந்த வருடம் ஒருவேளை கிடைக்கலாம், அப்பா போய்விடுவார்.

எழுந்தான்.

"அப்பா, நான் ஆடல."

வெர்ன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிப்ரவரியில மட்டும் இல்ல. ஒரு நாளும் ஆடல. எல்லா ஆட்டத்துக்கும் சட்டை போட்டுக்கிட்டுப் போவேன், சூடு பிடிக்க ஓடுவேன், அப்புறம் பெஞ்சுல உக்காருவேன். கோச் இந்தப் பக்கம் திரும்பினா எழுந்திருக்கத் தயாரா இருப்பேன். அவர் திரும்பவே மாட்டார். நீங்க போன்ல ஆடினியான்னு கேக்கும்போது, இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரலப்பா. அந்த ரெண்டு பாயிண்டு நான் ராத்திரி படுத்துக்கிட்டு நினைச்சது."

ஆம்லெட் கூட்டம் கூரையைப் பார்த்தது. கோல்ட்டன் நீதிபதியின் பக்கம் திரும்பினான்.

"அந்தத் தாள்ல இருக்கற பன்னெண்டு செகண்டை அடிச்சிடுங்கம்மா. எனக்கு அது வேணும்னுதான் இருக்கு, ஆனா அது என்னோடது இல்ல. அடுத்த வருஷம் எங்க டீம்ல அஞ்சு பேரு படிப்பு முடிச்சுப் போறாங்க, எனக்கு இடம் கிடைக்கும். நெஜமா ஒரே ஒரு தடவை இறங்கணும். அன்னிக்கு எங்கப்பா லீவு போட்டுட்டு வரணும். ஒரு ஆட்டமாவது அவர் என்னை வந்து பாக்கணும். அதுக்குத்தான் இந்தக் கேஸு."

நீதிபதி கின்கேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"நான் உன்னை நம்பறேன் தம்பி" என்றார். "ஆனா நான் நம்பறது சட்டத்துக்குப் பத்தாது. அந்தத் தாள் தப்புன்னு யாராவது சொல்லணும். அன்னிக்கு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பெஞ்சுல உன் மேலயே கண்ணை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஆள் ஒருத்தர் வேணும். உலகத்துல அப்படி யாராவது இருக்காங்களா?"

கோல்ட்டன் இல்லை என்று தலையாட்டினான். வெர்ன் வாயைத் திறந்தார், மறுபடி மூடிக்கொண்டார். பின் வரிசையில் ஓபல், யாரும் கூப்பிடாமலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"முதல் வரிசையில தொப்பியைக் கசக்கிக்கிட்டு இருக்காரே, அந்த மனுஷனையே கேளுங்கம்மா. அஞ்சு வருஷமா சனிக்கிழமையானா ஒரு ஆட்டம் விடாம வந்து, தொப்பியைக் கண்ணு வரைக்கும் இறக்கிவிட்டுக்கிட்டுக் கடைசி வரிசையில உக்காந்திருப்பாரு. 'பையன் இன்னிக்கும் இறங்கலையா'ன்னு நான் கேட்டா, 'அடுத்த வாரம்'னுவாரு."