ஜெயலட்சுமி சேமியாவின் 'நிறுவனர் வரலாறு' பக்கம் குறித்து

ஈஜிபுரா, பெங்களூரு
12.10.2006

பெருமதிப்பிற்குரிய சிவசங்கரன் மாமா அவர்களுக்கு,

நரேஷ் பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். குடியாத்தத்தில் தாங்களும் அத்தையும் தீபிகாவும் சேமியா மில்லும் மில் மோட்டாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். "போன்ல ஒண்ணும் பேசாதீங்க தம்பி, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, கல்யாணப் பேச்சு அதுக்கு அப்புறம்" என்று தாங்கள் போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தீபிகாவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு பக்கத்தால் இந்தச் சம்பந்தம் போய்விட்டால் தாங்க மாட்டேன், ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆயுத பூஜையன்று உறவினர் நாற்பது பேர் முன்னால் நான் செய்து கொடுத்த மில் இணையதளத்தைத் தாங்கள் திறந்தபோது, 'நிறுவனர் வரலாறு' பக்கத்தில் "மாவு தோன்றும் முன்பே பெரியவர் தோன்றினார். தண்ணீரைப் பார்த்து, கொஞ்சம் கம்மி என்றார்" என்று தொடங்கி ஒரு முழுப்பக்கப் புராணம் இருந்தது உண்மை. எழுதிய பாவி நான்தான். விஷயம் கைக்கு வரும்வரை எதையாவது எழுதி இடத்தை நிரப்பி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. தங்கள் கைப்பட எழுதிய பதினெட்டுப் பக்க வரலாறு வந்து சேர்ந்ததும் துண்டை எடுத்துவிட்டு அதைத்தான் உட்கார வைத்தேன். ஆனால் என் கணினியில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒன்றாக்கும் பொத்தானை அழுத்தினால் பழைய புராணமே திரும்ப வந்து நிற்கிறது. பழைய பக்கத்தைப் பத்திரப்படுத்திக் காட்டும் 'கேஷ்' என்று ஒன்று உண்டு, அதன் வேலைதான் என்று நினைத்து அதைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடி புராணம். இப்படி ஏழு தடவை. தாங்கள் முதல் மிஷின் வாங்க மாட்டு வண்டியில் ஆம்பூர் போன கதை இப்போது எனக்கு மனப்பாடம்.

பூஜை முடிந்து மானம் போன பிறகுதான் பக்கத்து மேஜை ஓஸ்வால்ட் என் திரையை எட்டிப் பார்த்தான். கன்டோன்மென்ட்காரன், யாரையும் 'மகா' என்றுதான் கூப்பிடுவான், கையில் பாதி பன். "இன்னா மகா, உன் மிஷின்ல மட்டும் இன்னும் போன வருசமே ஓடினு கீது?" என்றான். மாமா, இங்கேதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் வேலை செய்யும் மென்பொருள் முப்பது நாளைக்குத்தான் இலவசம். முப்பத்தோராம் நாள் கணினியின் தேதியைப் பின்னால் தள்ளிவைத்தால் பாவம், அது நம்பிவிடும். நான் ஒரேயடியாக ஒரு வருடம் தள்ளி வைத்திருந்தேன். அந்த ஒன்றாக்கும் பொத்தானோ இரண்டு பக்கமும் தேதியைப் பார்த்து, எது புதியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். என் திருத்தமெல்லாம் 2005-இல் பிறந்தது, தேதியைத் தள்ளும் முன்பே சர்வரில் ஏற்றிய புராணம் 2006. ஏழு தடவையும் புராணமே ஜெயித்தது. புத்திசாலித்தனம் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும்.

இப்போது தேதியைச் சரிசெய்து தங்கள் வரலாற்றை ஏற்றிவிட்டேன். புராணம் இருந்த இடம் அத்தனையையும் ஓஸ்வால்ட் துடைத்து, "ஒரு தூசு இல்ல மகா" என்றான். தீபிகா பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றாளாம், தாங்கள் மில் கணினியில் பார்த்துவிட்டு இல்லை என்றீர்களாம். இருவர் சொன்னதும் நிஜம். தங்கள் கணினி பழைய பக்கத்தைத் தன்னிடமே ஒரு பிரதி வைத்துக்கொண்டு காட்டுகிறது. கீபோர்டில் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டே எஃப்-5ஐ ஒரு தட்டுத் தட்டினால் போதும், புராணம் பூமியை விட்டே போய்விடும்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். தீபிகாவை விசாரித்ததாகச் சொல்லவும். மில் தொழிலாளர்கள் எல்லோருக்கும் என் அன்பு.

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்ட,
நரேஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தீபிகா போன் செய்தாள். தங்களுக்குக் கோபமே இல்லையாம். "என் பதினெட்டுப் பக்கத்தை வீட்ல ஒருத்தரும் முழுசா படிச்சதில்ல, மாப்பிள்ளை எழுதினதை நாப்பது பேரும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு இன்னும் கேக்குறாங்க" என்றீர்களாம். அந்தப் புராணத்தையே கல்யாணத் தாம்பூலப் பையில் அச்சடித்துப் போட வேண்டுமாம். போனில் 'எழுத்துல குடுங்க' என்று கேட்டதும் அதைத்தானாம், என் கையெழுத்தோடு. மாமா, எனக்கு முதல் இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் இல்லை. உலகத்திலேயே அந்தப் பக்கம் இப்போது தங்கள் மில் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. தீபிகாவை அதற்குக் காவல் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் நானே இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது எதிரில்தான் நிற்பேன். முதல் காரியமாக, தயவுசெய்து கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்.