தாய்மாமனை டேக் செய்த கல்யாணம்

வருங்காலத்தைப் பற்றி நான் சொன்னவை பெரும்பாலும் பலித்திருக்கின்றன. சொன்ன அன்றைக்கே பலித்துவிட்டதாக நினைத்து நடந்துகொண்டதுதான் கோளாறு.

தங்கை கல்யாணத்தின்போது எனக்கு முப்பது வயது. விழுப்புரத்துக்கே முகநூலைக் கொண்டுவந்தவன் நான்தான் (என்பது என் நினைப்பு). "இனிமேல் பத்திரிகை, தாம்பூலத் தட்டு, வீடுவீடாய் அலைச்சல் எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் சமூக ஊடகம் விழுங்கிவிடும்" என்று டீக்கடையில் பிரசங்கம் செய்வேன். கேட்டவர்கள் டீயைச் சூடாகவே விழுங்கிவிட்டுப் போனார்கள்.

அம்மா எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். பிரம்மதேசத்தில் இருக்கும் அவள் தம்பியை, அதாவது என் தாய்மாமனை, நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் அவர். அவர் கட்டாமல் எங்கள் வீட்டில் தாலி ஏறாது.

நான் போகவில்லை. முகநூலில் பத்திரிகையை ஏற்றி மாமாவை டேக் செய்தேன். மகன் தொடங்கிக்கொடுத்த கணக்கிலிருந்து மாமா லைக் போட்டார். "அழைச்சாச்சும்மா" என்றேன். வரலாறு படைத்த களைப்பில் மதியம் முழுக்கத் தூங்கினேன்.

கல்யாணம் திண்டிவனத்தில். முதல்நாள் மாலை மாமா வரவில்லை. விடிந்தும் வரவில்லை. அம்மா மண்டப வாசலையும் என்னையும் மாறிமாறிப் பார்க்க ஆரம்பித்தாள். போன் செய்தேன்.

"மாமா, லைக் போட்டீங்களே?"

"எதிர்வூட்டுக்காரன் அவங்கப்பன் செத்துட்டாருன்னு போட்டான். அதுக்குங்கூடத்தான் போட்டேன். அங்க இன்னா பந்திக்கா கூப்ட்டாங்க?"

(நியாயமான கேள்வி.)

சமையல்கட்டில் கிடைத்த தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தை அள்ளிக்கொண்டு சித்தப்பாவின் பைக்கில் பறந்தேன். மாமா வீட்டு வாசலில் வேன் தயாராக நின்றது. உள்ளே பட்டுவேட்டியில் மாமா. பட்டுப்புடவையில் அத்தை, கையில் பூட்டும் சாவியும். மொத்தக் குடும்பமும் கிளம்பி, கூப்பிட ஆள் வராததால் உட்கார்ந்திருந்தது.

"ஜல்தியா கூப்ட்டுத் தொலைடா," என்றாள் அத்தை. "இருட்டோட குளிச்சிட்டு உக்காந்துக்கினு, எங்களையும் உக்கார வெச்சிக்கினு, ஒரே பேஜாரு பண்றாரு."

தட்டை நீட்டினேன். "வாங்க மாமா."

"யாரு வரணும்? எதுக்கு வரணும்? முழுசா சொல்றா."

"தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க குடும்பத்தோட வரணும் மாமா."

"பத்திரிகை எங்க?"

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அத்தை பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "அந்தப் போன மட்டும் எடுக்காத. மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிப்பாரு!"

முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில் மாமா பட்டம் கட்டினார். தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள்.

போன மாதம் மாமாவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். சம்பந்தி வகையறா உட்பட எல்லோருக்கும் வாட்ஸப்பில்தான் அழைப்பு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் இரண்டு கார்கள் வந்து நின்றன. மாமா, அத்தை, மகன்கள், மருமகள்கள், ஆளுக்கொரு தட்டு. வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமா உரக்கச் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் போன்லயே அனுப்சிட்டேங்க. எங்க மருமவன் மட்டும் மரியாத பாக்கறவரு. நேர்ல வந்து வெச்சாத்தான் வருவாரு."

பக்கத்து வீட்டுக்காரர் அதை அப்படியே நம்பிவிட்டார். இப்போதெல்லாம் காது குத்தலுக்குக்கூட எங்கள் தெருவில் என் ஒருவனுக்கு மட்டும் தட்டோடு வருகிறார்கள்.