உரிக்க உரிக்க உறை

மருந்துக்கடை ஆப்பில் வாடிக்கையாளர் பெயர் வர வேண்டிய இடம் மறுபடியும் வெள்ளையாக இருந்தது. ஆப் எழுதுகிறவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயந்திரத்துக்குள் சரியானால்தான் விடுப்பு என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி பெட்டி கட்டி, மகளுக்குச் செருப்பும் மாட்டிவிட்டாள்.

சர்வர் தகவலைக் கட்டி அனுப்பும் ஜேசான் என்ற பொட்டலத்தைப் பார்த்தாலே அவருக்கு ஆத்திரம். ஒரு பெயரை அனுப்ப இத்தனை உறையா? 'டேட்டா'வுக்குள் 'ரிசல்ட்', அதற்குள் 'ஐட்டம்', அதற்கும் உள்ளே பெயர். ஆப்பிலோ திரைக்குத் திரை ஒவ்வோர் உறையையும் உரிக்கத் தனித்தனி நிரல் துண்டு, அதாவது கிளாஸ். முகவரிக்கு ஒரு கொத்து, மாத்திரைக்கு ஒரு கொத்து, எல்லாம் அச்சு அசல் ஒன்றே. இதை எழுதிவிட்டு வேலையை விட்டுப்போன புண்ணியவான் எங்கே நிம்மதியாகத் தூங்குகிறானோ! சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் மனைவியின் அண்ணன் என்பதால் அவரையும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

காலையில் அத்தனை கிளாஸையும் அழித்தார். உள்ளே எது இருந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரே ஒரு பொது கிளாஸ் எழுதிச் சேர்த்தார். பெயர் பளிச்சென்று வந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் காணோம். சர்வரிலிருந்து வரும் பதிலில் புதிதாக ஓர் உறை முளைத்திருந்தது.

தொலையட்டும் என்று அதை உரிக்க இன்னொரு கிளாஸ் எழுதினார். மத்தியானம் மேலும் ஓர் உறை. அதற்கும் எழுதினார். அதற்கு மேலும் ஒன்று வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, கிளம்பலாமா வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"உங்க அண்ணனைக் கேளு."

"அண்ணன் நாள் பூரா உங்க வேலையைப் பத்தித்தான் கவலைப்படுறாரு. அவரைப் போய்க் குறை சொல்றீங்களே."

போனை வைத்துவிட்டு விறுவிறுவென்று கீழ்த்தளத்துக்கு இறங்கினார். மைத்துனர் மேசை முன்னால் நின்று வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினார். ஒரு மனுஷன் உரிக்க உரிக்க இன்னொருத்தர் மூடிக்கொண்டே இருந்தால் எப்படி, கூடப்பிறந்த தங்கை குடும்பம் நாலு நாள் கடலைப் பார்க்கக் கூடாதா, இது எந்த ஜென்மத்துப் பகை என்று கேட்டார்.

மைத்துனர் பதறி எழுந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது.

"பகையா? என்ன மாப்பிள்ளை இப்படிச் சொல்லிட்டீங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் கஷ்டப்பட்டுப் புது கிளாஸ் எழுதிச் சேர்க்குறீங்க, அது சும்மா கிடக்கக் கூடாதேன்னு நான்தான் கையோட சர்வர்ல அதுக்கு ஒரு உறை போட்டுக்கிட்டே வர்றேன்."