எண்டிசைக்குக் கீழே

தனித்து வாழ்பவன் ஒரு சொல்லைப் பிழையாகப் பொருள்கொண்டால், அருகிருந்து திருத்த ஆள் இராது. அப்பிழை வளர்ந்து, கம்பம் நட்டு, மாடியேறி நின்றுவிடும். என் வீட்டில் நின்றது.

தேவிபட்டினத்தில், கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே என் வீடு. மனைவி மறைந்து, மகள் ஜீனத் தோஹாவில் குடியேறிய பின், பெரும்பாலான அறைகளில் விளக்கு எரிவதில்லை. முற்றத்து வேம்பின் கீழேயே பொழுதைக் கழிப்பேன். (வேம்பு மறுத்துப் பேசாது, ஆயுள் முழுதும் இலக்கணம் நடத்தியவனுக்கு வேறென்ன வேண்டும்?) முன்னறை இணையம் முற்றத்தை எட்டவில்லை. அந்நிலையில் ஜீனத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாளில் காணொளி அழைப்பில் குழந்தையை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைப்பது நானாகவே இருக்க வேண்டும் என்றாள். பெயரையும் நானே தேர்ந்தேன்: ஆயிஷா கயல்விழி.

இராமநாதபுரத்தில் இணையக் கருவிகள் விற்கும் காதர் என் பழைய மாணவர். மாடியில் ஓர் அவுட்டோர் ஆக்சஸ் பாயின்ட் என்னும் இணையப் பெட்டி வைத்துத் தக்க ஆன்டெனா மாட்டினால் முற்றத்திலும் இணையம் வரும் என்றார். விரல் நீளத்தில் ஒன்றும் பிரம்பு நீளத்தில் ஒன்றும் எடுத்து வைத்தார். இரண்டும் ‘ஓம்னி’யாம்.

“ஓம்னி என்றால்?”

“எல்லாப் பக்கமும் போகுங்கய்யா.”

“எண்டிசை என்று சொல்லப்பா.”

“எண்டிசைங்கய்யா. ஆனா முத்தத்துக்குத்தான் வேணும்னா இந்தச் சின்னதே...”

சின்னதற்குத் திறன் குறைவு, நெடியதற்கு மிகுதி என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. பேத்தியின் பெயரைக் குறைந்த திறனிலா அனுப்புவது? பிரம்பை எடுத்தேன். வகுப்பில் என்னை மறுத்துப் பழகாத காதர் கடையிலும் மறுக்கவில்லை. கடவுச்சொல் விருந்தோம்பலுக்கு இழுக்கு என்றேன், அதற்கும் தலையாட்டி, மாடியில் கம்பம் நட்டு மாட்டித் தந்தார். இணைப்புக்கு ‘எண்டிசை’ என்றே பெயரிட்டேன். அந்தப் பெருமிதத்தில் முன்னறை வைஃபையை அணைத்து, கைப்பேசிக்கு இணையம் போடுவதையும் நிறுத்தினேன்.

அந்த நாள் வந்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வேம்படியில் அமர்ந்தேன். ஜீனத்தின் முகம் பாதி தோன்றி, வாய் திறந்தபடி உறைந்து, மறைந்தது. மரத்தை வலம் வந்தேன். கம்பத்திற்கு நேர் கீழே போய் நின்றேன். அங்கே அதுவுமில்லை.

நாட்டுப்படகுக்காரர் முனியசாமி மதிலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வாத்தியாரே, இங்கனயே சுத்துறீக? ஒங்க எண்டிசை கரையில நல்லா இழுக்குது. எங்காளுக படகுல உக்காந்து படம் பாக்குறாக. அங்கன வாங்க.”

அப்போதுதான் உறைத்தது. எட்டுத் திசைகளுள் காலடியை நோக்கிய திசை ஒன்று இல்லை. ஒரே கரண்டி மாவை அகலத் தேய்த்தால் தோசை மெலிவதுபோல், நெடிய ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில் தேய்த்துக் கடல்வரை அனுப்பிவிட்டுக் காலடியில் இருந்தவனை மறந்திருந்தது. சொல்லைத் தந்தவன் நான். எண்ணிப் பார்க்காதவனும் நான்.

கரைக்கு ஓடினேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. இணைப்பு பளிச்சென்று கிடைத்தது.

“எங்க போனீக அத்தா? ஒங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்” என்ற ஜீனத், கைப்பேசியைக் குழந்தையின் செவியருகே பிடித்தாள்.

சின்னஞ்சிறு முகம் திரையில் தெரிந்தது. ஓடியதில் சரிந்த தொப்பியை நேராக்கினேன். வகுப்பில் செய்வதுபோல் ஒருமுறை செருமினேன். அந்த இடைவெளியில், என் முதுகுக்குப் பின்னிருந்து ஏலக்காரர் முழங்கினார்:

“நண்டு, நண்டு, நண்டேய்!”

குழந்தை கண் விழித்ததாம். தோஹா வீடே சிரித்தது. பிறகு நான் சொன்ன பெயர் அச்சிரிப்பில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

மறுவாரம் காதர் சின்ன ஆன்டெனாவை மாட்டினார். வேம்படியில் இணையம் இப்போது குறைவின்றி வருகிறது. கரையில் அறுந்துவிட்டதென்று சில நாள் என்னிடம் குறைபட்ட முனியசாமியும் பிறகு மதிலருகே நிற்பதில்லை. பேத்தி இப்போது நடக்கிறாள், பேசுகிறாள். கடவுச்சீட்டில் அவள் ஆயிஷா கயல்விழி. வீட்டில் எல்லாருக்கும் நண்டு. முழுப்பெயர் சொல்லி அழைப்பவன் நான் ஒருவனே. காணொளியில் நான் அழைத்தால் அவள் திரும்புவதில்லை. பொம்மையோடு பேசிக்கொண்டிருப்பாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற வாரம், மதிலருகிலும் திரையிலும் வேறொருவருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, “நண்டே” என்றேன்.

திரும்பினாள்.