மெசியே அக்கா பள்ளிக்கூடம் போனார்

மொன்றியலுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பயம் என்கிற சாமான் இல்லாமலே பிறந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என்னோடு லாசாலில் ஒரு தொழிற்சாலையில் பட்டாணி பொறுக்கினார்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் பாவித்ததில்லை. எல்லாருக்கும் அவர் மெசியே அக்கா. பிரெஞ்சில் ஆண்களை மரியாதையாக 'மெசியே' என்பார்கள். அக்கா அந்த மரியாதையை உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார். பஸ் சாரதி மெசியே. பல் வைத்தியம் பார்க்கும் அம்மா மெசியே. நிறைமாதக் கர்ப்பிணியான எங்கள் மேற்பார்வையாளரும் மெசியே. ஒருமுறை அந்தப் பெண் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நான் மதாம்" என்று பெண்களுக்குரிய சொல்லால் திருத்தினார். அக்கா சற்று யோசித்துப் பெரிய மனதோடு, "வீ, மெசியே மதாம்" என்று ஆமோதித்தார்.

எங்கள் வேலை சுலபம். ஓடுகிற பெல்ட்டில் பட்டாணி வரும். கறுத்தது, பிளந்தது, புழு தின்றது எல்லாம் 'தெஃபோ', அதாவது குறை. அதைப் பொறுக்கி எறிய வேண்டும். மிச்சம் தகர ரின்னுக்குள் போகும். நாள் முழுக்கக் காதில் விழுகிற பிரெஞ்சுச் சொல் அதுதான். எங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் எங்களைச் சாப்பாட்டு அறையில் கூட்டினார்கள். கமெரா வைத்த புது இயந்திரம் வரப்போகிறதாம். அதுவே தெஃபோவைக் கண்டு காற்றால் ஊதித் தள்ளிவிடுமாம். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதை இயக்கப் பயிற்சி. மற்றவர்களுக்கு நன்றி. 'நன்றி' வந்த இடத்தில் மனேஜர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். போர்த்துக்கல் பெண் ஒருத்தி விசும்பினாள். எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணவருக்கும் அப்போது வேலை இல்லை.

அக்கா எழும்பினார்.

"மெசியே! மெஷின் எக்கோல்?"

இயந்திரம் பள்ளிக்கூடம் போகுமா என்று கேட்கிறார். மனேஜர் விழித்தார். எது நல்ல பட்டாணி என்று அதற்கும் பழக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

"பியான்! மெஷின் எக்கோல், முவா ஓசி எக்கோல்!"

நல்லது, அதற்குப் பள்ளிக்கூடம் என்றால் எனக்கும் பள்ளிக்கூடம். கியூபெக்காரரான எங்கள் தொழிற்சங்கத் தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். பிறகு அறையே தட்டியது. கொஞ்ச நாள் இழுபறிப்பட்டு, கடைசியில் அதே அறையில், வேலை முடிந்தபின், எல்லாருக்கும் வகுப்பு என்று முடிவாயிற்று.

ஆசிரியை நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்து வந்த ஹெயிட்டிப் பெண். அக்காவுக்கு இறந்தகாலம் படிப்பிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நடந்தது நடந்துபோச்சு. அதுக்கேன் தனியா ஒரு வினைச்சொல்?" என்று அக்கா என்னிடம் தமிழில் முறையிடுவார். தெப்பனர் என்கிற மூலைக் கடையில் பால் வாங்கப் போனால் பிரெஞ்சில் பேருரை நிகழ்த்துவார். கடைக்காரர் இரக்கப்பட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னால், பாலை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

ஒரு நாள் நான் வகுப்புக்கு மட்டம் போட்டேன். கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"இல்லை அக்கா, வெக்கமா இருக்கு. வாயைத் திறந்தால் பிழை பிழையா வருது."

"கேக்கிறவைக்குத்தானே காது நோகும், உனக்கென்ன? வெளிக்கிடு!"

இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிற நேர்முகத்துக்கு வகுப்பில் ஒத்திகை நடந்தது. ஆசிரியை மனேஜராக உட்கார்ந்து, எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "உங்களுடைய பெரிய தெஃபோ என்ன?" அக்காவின் கண்ணுக்குப் பட்டாணிதான் தெரிந்தது.

"தெஃபோ? பூபெல்!"

குப்பைக்கூடைக்குள் எறிவேன் என்று கையை வீசிக் காட்டியதில், பக்கத்திலிருந்த வியட்நாம்காரரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. ஆசிரியை சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தார். சரியான அர்த்தத்தை விளக்கிய பிறகும் அக்கா மாற்ற மறுத்துவிட்டார். "என்ரை மறுமொழிதான் திறம்."

பிரெஞ்சு எழுத்துப் பரீட்சைக்கு முதலில் பெயர் கொடுத்தவர் அக்கா. நாங்கள் பதுங்கினோம். முடிவு வந்த அன்று சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் பிரெஞ்சில், பிறகு எங்களுக்காகத் தமிழில் அறிவித்தார்:

"நான் பெயில்! அடுத்த சோதனை வருதாம். ஆர் ஆர் என்னோடை வாறியள்?"

நான் அசந்துபோனேன். தோற்றுப்போனதை, கலியாணப் பந்தியில் பாயசம் கொண்டுவருகிறவர்போல அவ்வளவு உற்சாகமாகப் பரிமாறிய ஒருவரை அதுவரை கண்டதில்லை. நாங்கள் அத்தனை பேரும் நடுங்கிக் கிடந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கை கழுவி வந்து, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ருசித்துச் சாப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. மெல்ல மெல்லக் கைகள் உயர்ந்தன. என்னுடையதும்.

அடுத்த முறை அக்கா பாஸ். புது இயந்திரத்தடியில் அவரும் வேறு சிலரும் நின்றார்கள். எல்லாருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. மிச்சப்பேரில் பலரைப் படித்த படிப்பு வேறு வேலைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிலருக்கு எதுவும் சரிவரவில்லை. எனக்கு ஆற்றுக்கு அக்கரையில் லவாலில், ஒரு பாண் தொழிற்சாலையில் மா குழைக்கும் இயந்திரத்தை இயக்குகிற வேலை கிடைத்தது.

நான் வேலைக்குப் போன முதல் நாள் பனி கொட்டியது. பஸ் தரிப்பில் அக்கா நின்றார். அன்று அவருக்கு விடுமுறை.

"லவாலிலை எனக்கொரு அலுவல் இருக்கு" என்றார்.

பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். பாலம் தாண்டும்வரை என்னைப் பிரெஞ்சில் கேள்வி கேட்டபடியே வந்தார். நான் தடுமாறிய இடங்களில் பஸ்சிலிருந்தவர்கள் அடியெடுத்துக் கொடுத்தார்கள். தொழிற்சாலை வாசலில் இருவரும் இறங்கினோம்.

"அக்கா, உங்கடை அலுவல்?"

"முடிஞ்சுது. நீ உள்ளுக்குப் போ."

கதவில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துத் தரிப்பில், திரும்பிப் போகும் பஸ்சுக்காக, பனிக்குள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். நான் வீதியைக் கடந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

முதல் நாளே வேலைக்குப் பிந்திப் போனேன்.