அன்புச்செல்வன் சார் ஆலோசனைப்படி

உலக மென்பொருள் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் விருத்தாசலத்து அன்புச்செல்வனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. ராஜாங்கம் முதலாளியின் பீங்கான் தொழிற்சாலையில் ஃபியூஸ் கட்டை சுடும் சூளையை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் எரிக்கிறது, அதுவே ஆறவும் வைக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் மேலாளர். பிரிவில் வேலை செய்கிறவர்களும் சிலர் உண்டு.

மென்பொருளில் யார் எதை மாற்றினாலும், என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதித்தான் சேமிக்க வேண்டும். கமிட் மெசேஜ் என்பார்கள். அன்புச்செல்வன் பதவியேற்ற அன்றே இதில் சீர்திருத்தம் செய்தார். ‘அலுவலக ஒற்றுமை’ கருதி எல்லோரும் அவர் கணக்கிலேயே சேமிக்க வேண்டும். ‘நன்றியுணர்வு’ கருதி ஒவ்வொரு வரியும் ‘அன்புச்செல்வன் சார் ஆலோசனைப்படி’ என்றே தொடங்க வேண்டும். இந்த வரிகளைத் தொகுத்த மாத அறிக்கையைப் படித்த முதலாளி, ஒற்றை ஆள் இவ்வளவு உழைக்கிறாரே என்று மனம் கலங்கிச் சம்பளத்தை உயர்த்தினார்.

போன வாரம் ஒரு சூளை நிறைய அடுக்கிய கட்டை மொத்தமும் விரிசல் விட்டது. சூடு ஆறும் நேரத்தை யாரோ குறைத்திருக்கிறார்கள்.

“யாரு கை வச்சதுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். அவங்க நாளைலேருந்து வர வேணாம்,” என்றார் முதலாளி.

அன்புச்செல்வனுக்கு விசாரிக்காமலே தெரிந்துவிட்டது. அவர் பிரிவில் வேலை பார்க்கும் பிரின்சிதான். அவர் நேரத்தைக் குறைக்கச் சொன்னபோது “வெடிச்சிடும் சார்” என்று அபசகுனமாகப் பேசியவள் அவள்தானே. இந்த வேலை போனால் படுத்த படுக்கையான அம்மாவை விட்டுவிட்டு அவள் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் நீதிக்குக் கண் கிடையாது.

விசாரணைக் கூட்டம் கூடியது.

“ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒண்ணு இருக்குதுங்க. முழு வார்த்தை தெரிய வேணாம், ஜாடை சொன்னா போதும், ஆளப் புடிச்சிடும்,” என்று முதலாளிக்கு விளக்கிய அன்புச்செல்வன், தாமே ஒரு புள்ளியும் நட்சத்திரமும் அடித்தார். திரை முழுக்க வரிகள் ஓடின. “பாத்தீங்களா, எல்லாம் மாட்டிக்கிச்சு.”

“புள்ளி நட்சத்திரம்னா எது வேணா இருக்கலாம்னு அர்த்தம் சார். அதான் எல்லாம் வந்துருக்குது,” என்றாள் பிரின்சி.

“பரந்த விசாரணை,” என்றார் அவர்.

பிரின்சி ‘சூளை’ என்று அடித்து, நடுவில் அதே புள்ளியையும் நட்சத்திரத்தையும் வைத்து, ‘குறை’ என்று முடித்தாள். ஒரே வரி வந்தது: ‘அன்புச்செல்வன் சார் ஆலோசனைப்படி சூளை ஆறும் நேரம் குறைக்கப்பட்டது.’

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“அது மரியாதைக்குப் போடறதுங்க. எல்லா வரியிலயும் இருக்கும். அதுக்கு அர்த்தமே கெடையாது.”

“கெடையாதா? அதப் பாத்துத்தானய்யா சம்பளம் ஏத்துனேன்.”

அன்புச்செல்வன் தளரவில்லை. பெரிய தலைவர்களுக்கு நெருக்கடியில்தான் மூளை வேலை செய்யும். “பிரின்சி, என் பேரு இல்லாத வரிய மட்டும் எடு. என்னைக் கேக்காம செஞ்சது யாருன்னு தெரிஞ்சிடும்.”

“அப்படியும் தேடலாம் சார்,” என்று தட்டினாள்.

பழைய வரிகள் மட்டும் வந்தன. அவற்றில் கடைசி வரி: ‘சூளை சரியாக வேலை செய்கிறது.’ அவர் பதவியேற்பதற்கு முதல் நாள் தேதி.

முதலாளி பிரின்சியிடம் கேட்டார். “ஏம்மா, அன்னைக்கு இருந்த மாதிரியே எல்லாத்தையும் திருப்பி வெக்க முடியுமா?”

“முடியுங்க சார். அதுக்குத்தான் இதெல்லாம் சேத்து வெக்கறது.”

“அன்னைக்கு இவரு எங்க இருந்தாரு?”

“திட்டக்குடியில, அவங்க வூட்டுல.”

“எல்லாத்தையும் அங்கங்க திருப்பி வெச்சிடும்மா.”

பிரின்சி திருப்பினாள். சேமிக்குமுன் ஒரு வரி எழுத வேண்டுமே. விதியை இன்னும் யாரும் ரத்து செய்யவில்லை, அப்படித் தேடச் சொன்னவரும் அன்புச்செல்வன்தான். எனவே எழுதினாள்: ‘அன்புச்செல்வன் சார் ஆலோசனைப்படி, அன்புச்செல்வன் சார் வருவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திருப்பப்பட்டது.’