ஸ்டாண்டு போட்ட ஞாயிற்றுக்கிழமை

ஆவடியில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பஸ் கண்டக்டர்கள் மட்டும் தினமும் முப்பது தடவை அந்தப் பெயரைக் கூவி ஆள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏதோ விதிவிலக்கு இருந்திருக்க வேண்டும்.

பாஸ்கரன் அங்கே வருகைப் பதிவுப் பிரிவில் கிளார்க். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. காலையில் சங்கு ஊதுவதற்குள் வந்து, வாசல் பலகையில் தன் நம்பருக்கு நேரே உள்ள ஆணியில் அதை மாட்டிவிட வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம். தொங்காவிட்டால் வரவில்லை. பதினான்கு வருஷமாக பாஸ்கரன் இந்தப் பலகையைப் பார்த்துத்தான் மனிதர்களை அறிந்துவந்தான். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை.

ஒருநாள் கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் ஃபிட்டர் துலுக்கானம், டோக்கனை வீட்டிலேயே மறந்துவிட்டு, பாஸ்கரனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

“சார், நான் வந்துகீறேன் சார். நல்லா பாரு.”

“ஆணி காலியா இருக்குப்பா. அப்ப நீ வரலை.”

“அய்ய, உன் எதிர்லயே நின்னுகினு கீறேன்ல?”

“வராத ஆளோட நான் எப்படிப் பேசறது? நாளைக்கு வா.”

பாஸ்கரன் கெட்டவன் இல்லை. விதியைச் சொன்னான், அவ்வளவுதான். துலுக்கானமும் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அப்படித்தான் எல்லாரும் அன்றைக்கு நினைத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட பாஸ்கரனுக்கு ஒரு ரகசிய வாழ்க்கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, குவார்ட்டர்ஸ் முழுக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் சைக்கிளைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுவான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குளிர்காற்று சட்டைக்குள் புகும். காடுவெட்டி தாண்டி, சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோடு ஏறி, லாரிகளுக்குப் பயந்து ஓரமாக மிதித்து, வேலப்பன்சாவடியில் வலது பக்கம் இறங்கினால் நூம்பல். வயல். வரப்போரத்தில் பொன்னியம்மாவின் இட்லிக்கடை. நாலு இட்லி, மேலே கொதிக்கக் கொதிக்க வடகறி. நாற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். அந்த மூன்று மணி நேரத்தில் யாரும் அவனிடம் கையெழுத்துக் கேட்டதில்லை; அவனும் யாரிடமும் கேட்டதில்லை. அதுதான் அவனுக்குச் சொர்க்கம். வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் அவன் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தான்.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று காலை அலுவலகத்தில் பாஸ்கரன் சிரித்துவிட்டான்.

ஊழியர் நல அதிகாரி கோவிந்தராஜ் அதைக் கண்ணால் கண்டுவிட்டார். அவரும் அந்தச் சமயத்தில் நலத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். எண்பத்தேழாம் வருஷம் அதிகாரிகள் மத்தியில் உடம்பு என்ற ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆளுக்கொரு கோடு போட்ட டிராக் சூட்டும் வெள்ளை கான்வாஸ் ஷூவும் வாங்கிக்கொண்டு, காலையில் வீட்டு வாசலிலிருந்து ஜீப் நிற்கும் இடம்வரை ஓடினார்கள்.

“மிஸ்டர் பாஸ்கரன், நீங்க இப்ப சிரிச்சீங்களா?”

“சிரிச்சிருக்கலாம் சார். தெரியாம நடந்திருக்கும்.”

“திங்கட்கிழமை காலையில! காரணத்தை எழுத்து மூலமா குடுங்க.”

வாயால் கேட்டிருந்தால் பாஸ்கரன் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பான். எழுத்து மூலம் கேட்டதால் உண்மை முழுவதையும் எழுதிவிட்டான், வடகறி உட்பட. கிளார்க் புத்தி.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. ‘ஊழியர்தம் உடல்நலத்தையும் மனமகிழ்ச்சியையும் பேணும் உயரிய நோக்குடன், ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு, மிதிவண்டி நல்வாழ்வுச் சவாரி நடத்தப் பெறும். இதில் பங்கேற்பது முற்றிலும் ஊழியரின் சொந்த விருப்பம். விருப்பம் இல்லாதவர்கள் அதற்கான காரணத்தை மூன்று நகல்களில் சமர்ப்பிக்க வேண்டும்.’ மூன்று நகல் எழுதுவதைவிடச் சைக்கிள் மிதிப்பது சுலபம் என்று அறுபத்திரண்டு பேருக்கு விருப்பம் வந்துவிட்டது.

பாஸ்கரனின் மனைவி வசந்தகுமாரி சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.

“ஏங்க, இவங்க எல்லாம் தினமும் எதுல வேலைக்கு வர்றாங்க?”

“சைக்கிள்லதான்.”

“ஆறு நாளும் சைக்கிள் மிதிக்கறவங்களுக்கு உடற்பயிற்சி இல்லைன்னு யார் கண்டுபிடிச்சா?”

“அதிகாரி.”

“அவர் எதுல வர்றார்?”

“ஜீப்ல.”

அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

முதல் சவாரி ஐந்தரை மணிக்குத் தொடங்குவதாக இருந்து ஏழே காலுக்குத் தொடங்கியது. அறுபத்திரண்டு பேரின் டோக்கனைச் சரிபார்க்க வேண்டும் அல்லவா? கோவிந்தராஜ் டிராக் சூட்டில், ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, சவாரியை முன்னின்று நடத்தினார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தலை எண்ணினார்கள், அறுபத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினார்கள்; அறுபத்துமூன்று வந்தது. ஒரு பால்காரரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அவரோ தான் விருப்பத்தின் பேரில் வரவில்லை என்று மன்றாடினார். பிரச்சினை தீர்வதற்குள் வெயில் ஏறிவிட்டதால் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். பாஸ்கரனுக்கு அன்று இட்லிக்குப் பதிலாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பன்னும் அரை வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் பாதுகாப்புப் பிரிவு ஓர் ஆட்சேபம் எழுப்பியது. சவாரியின்போது ஊழியர் கீழே விழுந்தால், அவர் பணியில் விழுந்தவரா, விடுமுறையில் விழுந்தவரா? இது தெளிவாகும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று முடிவாயிற்று. சரி, மைதானத்துக்குள்ளேயே சுற்றலாம் என்றார்கள். தோட்டப் பிரிவு, சக்கரம் உருண்டால் புல் சாகும் என்று எழுதியது. கோவிந்தராஜ் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாள் முழுக்க யோசித்தார். மனிதர் சாமான்யர் இல்லை. வழி கண்டுபிடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு சைக்கிள்களும் மைதானத்தில் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நின்றன. அறுபத்திரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து மிதித்தார்கள். பின்சக்கரங்கள் கிர்ரென்று சுற்றின. புல்லுக்கு ஆபத்தில்லை, யாரும் எல்லை தாண்டவில்லை, சவாரியும் நடந்தது. வழி தெரிந்தவன் என்பதால் பாஸ்கரன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“நாம் இப்போது பருத்திப்பட்டு ஏரியைக் கடந்துகொண்டிருக்கிறோம். அனைவரும் வலது பக்கம் பார்த்து இயற்கையை ரசிக்கவும்.”

அறுபத்திரண்டு பேரும் வலது பக்கம் பார்த்தார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியும் கக்கூசும் இருந்தன.

“சென்னீர்குப்பம் வந்துவிட்டது. லாரிகள் வரும். பெல் அடிக்கவும்.”

எல்லாரும் பெல் அடித்தார்கள். துலுக்கானம் மட்டும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான்.

“இன்னாப்பா?” என்றார் கோவிந்தராஜ். ஊழியர்களோடு அவர்கள் பாஷையில் பேசுவது நலத் திட்டத்தில் ஒரு பகுதி.

“டயர் பஞ்சர் சார்.”

“எந்த இடத்துல?”

“காடுவெட்டிகிட்டயே பூட்ச்சு சார். இவ்ளோ தூரம் தள்ளிகினே வந்தேன்.”

கோவிந்தராஜ் தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டார். துலுக்கானத்தை ஜீப்பில் ஏற்றி, ஜீப் இருந்த இடத்திலேயே கால்மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, நூம்பலில் இறக்கிவிட்டார்கள்.

பாஸ்கரனுக்குத்தான் தாங்கவில்லை. மைக்கில் ‘இதோ நூம்பல்’ என்று சொல்லும்போது வடகறி வாசனை நிஜமாகவே மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்து, “என் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கிட்டாங்க வசந்தி” என்று அழாக்குறையாகச் சொன்னான்.

“அங்க உங்ககிட்ட என்னதான் எதிர்பார்க்கறாங்க?”

“டோக்கன் தொங்கணும். என் குரல் கேட்கணும்.”

“அப்ப நீங்க எதுக்கு?” என்று சொல்லி, அவள் தன் தம்பி வாங்கித் தந்த டேப் ரிக்கார்டரை எடுத்து முன்னால் வைத்தாள்.

மறுவாரம் பாஸ்கரன் இருட்டோடு மைதானத்துக்குப் போனான்; பலகையில் அதற்குள்ளேயே டோக்கன்கள் தொங்கின. டோக்கனை மாட்டினான். கேசட்டைப் போட்டு, மைக்கை அதன் வாய்க்கு நேரே வைத்தான். ‘அன்பான ஊழியர்களே’ என்று அவன் குரல் தொடங்கும்போது, அவன் பின்கேட் வழியாகப் பறந்துகொண்டிருந்தான்.

நூம்பல் வந்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொன்னியம்மா கடை வேலியில் முப்பது நாற்பது சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. வருகைப் பலகையில் மட்டுமே அவன் பார்த்திருந்த ஆட்கள் எல்லாரும் அங்கே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“வா சார்!” என்று துலுக்கானம் இடம் விட்டான். “நீ எழுதின வடகறி சங்கதி ஆபீஸ் பூரா பரவிகீது. எல்லாரும் டோக்கன் மாட்டிட்டு வந்துகீறோம். மைதானத்துல ஃபுல் அட்டெண்டன்ஸ் சார் இன்னிக்கு!”

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு பெல் சத்தம் கேட்டது. கோடு போட்ட டிராக் சூட். மகனுடைய சின்னச் சைக்கிளில், முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்க, வியர்த்து விறுவிறுக்கக் கோவிந்தராஜ் வந்து இறங்கினார். அவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்:

“நான் இங்க இல்லை. என் தொப்பி ஜீப்ல இருக்கு. அதனால நான் மைதானத்துல மேற்பார்வை பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“நாங்களும் அங்கதான் சார் மிதிச்சிகினு கீறோம்,” என்றான் துலுக்கானம்.

அப்புறம் என்ன, அதிகாரியும் ஊழியரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பொன்னியம்மாவின் பானை நாற்பது பேருக்கான பானை இல்லை. மூன்றாவது ஈடு இறங்கும்போது தள்ளுமுள்ளு ஆகிவிட்டது.

“யோவ், அடுப்புமேல வுழுந்துடாதீங்கய்யா! யாருக்கு எத்தினின்னு எனுக்கு இன்னா தெரியும்?” என்று அவள் கத்தினாள்.

பாஸ்கரனின் கை தானாகப் பின்னால் போயிற்று. சைக்கிள் கேரியரில் ஆபீஸின் நீளமான வருகை நோட்டு இருந்தது. ஏன் கொண்டுவந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வரப்பில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டான்: வரிசை எண், பெயர், டோக்கன் எண், இட்லி, கையொப்பம். கூட்டம் சட்டென்று வரிசையாக நின்றது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. கோவிந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்கரனுக்கும் அந்த நிமிஷம் பரம சுகமாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு இரண்டாவது டோக்கன் வெட்டினார்கள். கடைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ‘நூம்பல் கிளை’ என்று எழுதிய பலகை ஏறியது. அதற்குப் பொன்னியம்மாவே பொறுப்பாளர் ஆனாள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது பாஸ்கரன்தான்.

“அக்கா, மூஞ்சியைப் பார்க்காதீங்க. ஆணியைப் பாருங்க. ஆணி காலின்னா ஆள் வரலை.”

“ரொம்ப சுளுவா கீதே!” என்றாள் அவள்.

மூன்று ஞாயிறு போயிற்று. நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பாஸ்கரனின் இட்லி ஆறிப்போனது. நாற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. நான்காவது சனிக்கிழமைதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. மறுநாள் நாலரை மணிக்கே எழுந்தான். டோக்கனையும் நோட்டையும் வேண்டுமென்றே மேஜைமேல் விட்டுவிட்டு, வெறுங்கையோடு சைக்கிளை எடுத்தான். ஏரிக்கரைக் காற்று பழையபடி சட்டைக்குள் புகுந்தது. காடுவெட்டி தாண்டியதும் பாடக்கூடச் செய்தான்.

பொன்னியம்மா முதல் ஈட்டை அப்போதுதான் இறக்கியிருந்தாள். ஆவி பறந்தது.

“நாலு இட்லி அக்கா. வடகறி தாராளமா ஊத்துங்க.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்தாள்.

“ஆணி காலியா கீதே. அப்ப நீ வரல.”

“அக்கா, நான்தான்! பாஸ்கரன். ரெண்டு வருஷமா வர்றேனே!”

“வராத ஆளுக்கு நான் எப்டிப்பா இட்லி வெப்பேன்?”

“சரி, ஒரு மனுவாவது எழுதித் தர்றேன்.”

“ஞாயித்துக்கெழமைல மனு வாங்கறதில்ல. நாளிக்கு வா.”

அந்த நேரம் பார்த்துத் துலுக்கானம் வந்து சேர்ந்தான். நிதானமாக டோக்கனை மாட்டினான். நாலு இட்லி வாங்கிக்கொண்டு பாஸ்கரனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வடகறியைப் பிசைந்து முதல் வாய் போட்டுக்கொண்டான்.

“துலுக்கானம், நீயாவது சொல்லுப்பா. நான் வந்திருக்கேனா இல்லையா?”

துலுக்கானம் மென்றபடியே இடமும் வலமும் தேடினான்.

“பொன்னிம்மா, யாரோ பேசற மாறி கீது. இங்க யார்னா கீறாங்களா?”

அவள் இன்னொரு தடவை பலகையைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். பொன்னியம்மா கெட்டவள் இல்லை. விதியைச் சொன்னாள், அவ்வளவுதான்.